நியூசிலாந்தில் கேரவன்: கூட்டத்தோடு போவதா, தனியாகப் போவதா?

கேரவன் என்றதும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நினைவுக்கு வந்தது ஷூட்டிங்கில் நடிகர்கள் ஏறி உட்காரும் வண்டிதான். "அதுக்குள்ள போய் நாம என்னங்க பண்றது?" என்று நங்கை (பங்காளி அண்ணனின் மனைவி) கேட்டார். படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கும், நாமே ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகலாம் என்று விளக்கியதும் மச்சான் சிரித்துவிட்டார். "அப்ப நம்ம ரிக் வண்டிதானுங் மாப்ள. இதுக்குப் போய் ஏரோப்ளேன் ஏறோணுமா?"

அவர் சொன்னதில் பாதி உண்மை. நான் திருச்செங்கோட்டுக்காரன். முப்பது வருஷம் போர்வெல் ரிக் வைத்திருந்தேன். எங்கள் ஊர் ரிக்குகள் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று மாதக்கணக்கில் சுற்றும். ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறிய ரிக்குகளும் உண்டு. ரிக் முன்னால் போகும். பைப், டீசல், அரிசி மூட்டை, அடுப்பு எல்லாவற்றையும் சுமந்துகொண்டு சப்போர்ட் லாரி பின்னால் வரும். பையன்கள் அங்கேயே சமைத்து அங்கேயே தூங்குவார்கள். அமெரிக்காவில் வீட்டு வண்டி வைத்திருக்கிறவர்களும் தங்கள் வண்டியை 'ரிக்' என்றுதான் சொல்கிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து மச்சானுக்கு ஒரே பெருமை.

வருகிற மாசியில் மூன்று ஜோடி கிளம்புவதாக இருக்கிறோம். நானும் வீட்டுக்காரியும், சங்ககிரியில் லாரி வைத்திருந்த மச்சானும் அவர் வீட்டாரும், கோபிப் பக்கம் தோட்டம் பார்க்கும் பங்காளி அண்ணனும் நங்கையும். ஆறு பேருக்கும் அறுபது தாண்டிவிட்டது. அண்ணனுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி ஒரு வருஷம். வண்டி ஓட்டக்கூடியவர்கள் நானும் மச்சானும் மட்டும். வண்டியை வாடகைக்கு எடுத்து நாமே போவதா, அல்லது பத்துப் பதினைந்து வண்டிகள் வழிகாட்டியோடு போகும் கேரவன் டூரில் சேர்வதா என்று மூன்று மாதம் பேசினோம். இதே ரோசனையில் இருக்கிற வேறு யாருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

நாட்டைத் தேர்ந்தெடுப்பதில் அதிக நேரம் போகவில்லை. கூட்டமாகக் கேரவன் ஓட்டிப்போகும் பழக்கம் அமெரிக்காவில் நன்றாக வேரோடியது. ஏர்ஸ்ட்ரீம் என்ற வெள்ளி நிற வண்டியை உருவாக்கிய வாலி பயாம் 1951-லேயே ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு மெக்சிகோ வழியாக மத்திய அமெரிக்காவுக்குப் போனவர். 1959-ல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் கிளம்பி எகிப்தின் கெய்ரோ வரைக்கும் 41 வண்டிகளை நடத்திப் போனார். இன்றைக்கும் அங்கே அலாஸ்காவுக்கு ஒன்றரை மாதம், இரண்டு மாதம் என்று குழுவாகப் போகிறார்கள். முன்னால் போகிறவருக்குப் பெயர் வேகன் மாஸ்டர், கடைசியில் வருகிறவர் டெயில் கன்னர். ஆனால் அந்த டூர்களில் பெரும்பாலானவை சொந்த வண்டி வைத்திருப்பவர்களை மனதில் வைத்துப் போட்டவை. நமக்கு விசா நேர்காணல், வாடகை வண்டி, அதற்கு மைல் கணக்கு என்று ஒன்றன்மேல் ஒன்றாக வரும். எல்லாவற்றுக்கும் மேல் வலப்பக்கம் ஓட்டவேண்டும். நாற்பது வருஷம் இடப்பக்கம் ஓட்டிய கை அவசரத்தில் பழகிய பக்கம்தான் திரும்பும். பிள்ளைகள் அங்கே இருந்து ஸ்டியரிங்கைப் பிடிப்பார்கள் என்றால் அமெரிக்காவை யோசியுங்கள்.

நமீபியாவில் இடப்பக்கம்தான் ஓட்டம். வாக்கி டாக்கியோடு வழிகாட்டி முன்னால் போகும் குழுக்களும் இருக்கின்றன. அங்கே வழக்கமாகக் கொடுப்பது கூரைமேல் கூடாரம் விரிக்கிற ஜீப். ஏணி வைத்து ஏறிப் படுக்கவேண்டும். ராத்திரி இரண்டு தடவை எழுந்திருக்கிற வயசு எங்களுக்கு. அண்ணன் பேசாமல் முழங்காலைத் தடவிக்கொண்டார், நமீபியா அதோடு முடிந்தது.

ஆஸ்திரேலியா கடைசிவரை போட்டியில் இருந்தது. நல்லார்பார் சமவெளியில் ஒரு வளைவுகூட இல்லாமல் 146 கிலோமீட்டர் நேர்ச்சாலை இருக்கிறது. மச்சானுக்கு அதை ஓட்டிப் பார்க்க ஆசை. நேர்ச்சாலையில் தூக்கம் வரும் என்று லாரிக்காரருக்கு நான் சொல்லவேண்டுமா? தூரங்கள் பெரியவை, ஊருக்கும் ஊருக்கும் நடுவே ஒன்றுமில்லை. எங்களுக்கு ஒத்து வந்தது நியூசிலாந்து, அதிலும் தென் தீவு மட்டும். கோயம்புத்தூரில் ஏறினால் சிங்கப்பூர், அங்கிருந்து நேராகக் கிறைஸ்ட்சர்ச். அங்கிருந்து டெகாபோ ஏரி சுமார் 230 கிலோமீட்டர். அது ஒரு நாள் ஓட்டம். இரண்டு தீவையும் பார்க்கும் டூர்களும் உண்டு. அவற்றில் பிக்டனுக்கும் வெல்லிங்டனுக்கும் நடுவே வண்டியோடு மூன்றரை மணி நேரம் கப்பல். அதற்கு நாட்கள் கூட வேண்டும், எங்களுக்குத் தீவு ஒன்று போதும்.

மாசி என்று சொன்னதற்கும் காரணம் உண்டு. அங்கே நமக்கு நேர்மாறாகப் பருவம்; டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடை. தையில் அவர்களுக்குப் பள்ளி விடுமுறை, எங்கே பார்த்தாலும் கூட்டம். நமக்கோ கல்யாண முகூர்த்தம், ஒரம்பரை வீடுகளில் தலைகாட்டாமல் இருக்க முடியாது. மாசியில் அங்கே கூட்டம் குறைந்து வெயில் மிச்சம் இருக்கும். வைகாசியில் எங்கள் ஊர்த் தேர். அப்போது அங்கே குளிர் தொடங்கிவிடும், ஆகவே தேரை விட்டுவிட்டுப் போகவேண்டிய சங்கடமும் இல்லை.

தனியாகப் போனது எப்படி இருந்தது?

2019 மார்ச்சில் நானும் வீட்டுக்காரியும் மகளோடும் மருமகனோடும் இதே தீவை 12 நாள் சுற்றினோம். வழிகாட்டி யாரும் இல்லை. ஆகவே மச்சான் "நாடு பூரா சுத்துன நமக்கு எதுக்குங் வழிகாட்டி?" என்று கேட்டபோது அந்தப் பயணத்தை ஒவ்வொரு நாளாகத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன்.

முதல் பாடம் டெகாபோவில். விடிகாலை ஏரி நீலமாக நிற்கிறது, எதிரே பனிமலை, நான் கையில் ஒரு பிளாஸ்டிக் பெட்டியோடு டம்ப் ஸ்டேஷன் முன்னால் நிற்கிறேன். வண்டியின் கக்கூஸுக்கு அடியில் இந்தப் பெட்டி இருக்கும், கேசட் என்பார்கள். ஏறக்குறைய இருபது லிட்டர் பிடிக்கும். நான்கு பேர் என்றால் தினம் ஒரு தடவை நிறைந்துவிடும். வெளிப்புறக் கதவைத் திறந்து உருவி, சக்கரத்தில் இழுத்துக்கொண்டு போய், அதற்கென்று இருக்கும் குழியில் கவிழ்க்கவேண்டும். நான் மூடியைத் திறந்து அப்படியே சாய்த்தேன். குடக் குடக் என்று தெறித்தது. பக்கத்தில் முறைக்கு நின்ற வெள்ளைக்காரப் பெரியவர் ஓடிவந்து, பெட்டியின் பின்பக்கம் ஒரு பொத்தானைக் காட்டினார். அதை அழுத்திக்கொண்டு ஊற்றினால் காற்று உள்ளே போய்ச் சத்தமில்லாமல் வடியும். சீமெண்ணெய் டின்னில் நாம் எதிர் மூலையில் ஓட்டை போடுவோமே, அதே சூட்சுமம். முப்பது வருஷம் கம்ப்ரசரோடு வாழ்ந்தவனுக்கு அது தோன்றவில்லை. இதை நங்கையிடம் சொன்னபோது அவர் கேட்ட கேள்வி வேறு: "சமைக்கற எடத்துக்கு ரெண்டடி தள்ளிப் பொடக்காளிங்களா?" காசு கட்டி வண்டியை நிறுத்தித் தங்கும் ஹாலிடே பார்க்குகளில் நல்ல கக்கூஸும் குளியலறையும் தனியாக உண்டு, வண்டிக்குள் இருப்பது ராத்திரி அவசரத்துக்கு மட்டும் என்று சமாதானம் சொன்னேன்.

அப்படியானால் அந்தப் பெட்டியே இல்லாத சின்ன வண்டி எடுக்கலாமே என்று கேட்கலாம். ஹாலிடே பார்க்கில் மட்டும் தங்கினால் சரி. சாலையோரம், ஏரிக்கரை என்று இலவச இடங்களில் தங்க ஆசைப்பட்டால் பெரும்பாலும் தண்ணீர், கழிவு, கக்கூஸ் எல்லாம் தன்னுள்ளேயே அடக்கிய வண்டி என்ற சான்று கேட்பார்கள். 2023-ல் கொண்டுவந்த சட்டப்படி அந்தச் சான்றுக்கு நிலையாகப் பொருத்திய கக்கூஸ் இருக்கவேண்டும். தங்கக்கூடாத இடத்தில் தங்கினால் அபராதம் 400 டாலரில் தொடங்குகிறது. அவர்கள் டாலர் ஒன்றுக்கு ஐம்பது ரூபாய் என்று வையுங்கள், ஒரு ராத்திரித் தூக்கத்துக்கு இருபதாயிரம்.

இரண்டாவது பாடம் இன்னும் காஸ்ட்லி. ஒரு ஊரில் விடுதி ஒன்றின் முகப்புக் கூரைக்கு அடியில் வண்டியைச் செருகிவிட்டேன். வண்டி உயரம் மூன்று மீட்டருக்கு மேல் என்று டாஷ்போர்டிலேயே ஒட்டியிருந்தார்கள். ரிக்கின் மாஸ்ட் உயரத்தை மின்கம்பிக்கு அடியில் கண்ணால் அளந்து பழகியவன் நான், இதில் போய் மாட்டினேன். மேலே கரகரவென்று ஒரு சத்தம். வண்டி கொடுத்த கம்பெனிக்காரர்களிடம் கூடுதல் காப்பீட்டுக்குத் தினம் பணம் கட்டியிருந்தோம், அதனால் கவலையில்லை என்று நினைத்தேன். ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தில், கூரைக்கும் அடிப்பாகத்துக்கும் காப்பீடு கிடையாது என்று பொடி எழுத்தில் இருந்தது. எவ்வளவு பிடித்தார்கள் என்பதை இங்கே எழுதினால் வீட்டுக்காரி மறுபடி ஆரம்பிப்பாள். நீங்கள் எந்த வழியில் போனாலும் மூன்றைக் கேட்டுவிடுங்கள்: கூரை, அடிப்பாகம், தப்பான எண்ணெய் ஊற்றுவது. போகக்கூடாத சாலைகளின் பட்டியலும் கேளுங்கள். குவீன்ஸ்டவுன் பக்கத்து ஸ்கிப்பர்ஸ் சாலைக்கு வாடகை வண்டிகளை விடுவதில்லை.

மற்றபடி ஓட்டுவது எங்களுக்குச் சிரமமாக இல்லை. ஸ்டியரிங் நம் பக்கம், சாலை நம் பக்கம். கார் லைசென்ஸில் 6000 கிலோ வரை ஓட்டலாம், பெரிய வீட்டு வண்டியும் அதற்குள் வந்துவிடும். ஆர்டிஓ ஆபீஸில் ஆயிரம் ரூபாய் கட்டி வாங்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி ஒரு வருஷம் செல்லும். சோதிப்பது இரண்டு விஷயங்கள். ஒருவழிப் பாலங்கள் நிறைய. சின்னச் சிவப்பு அம்பு உங்கள் பக்கம் இருந்தால் எதிரே வருகிறவருக்கு வழிவிட்டு நிற்கவேண்டும், நம் ஊர்போல யார் லைட் போடுகிறார்கள் என்பதில்லை. அடுத்தது, பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டால் இடம் பார்த்து ஒதுங்கி விடவேண்டும். ஹாரன் அடிக்கமாட்டார்கள், நாமாக உணரவேண்டும்.

அண்ணன் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார்: வண்டி ஓடும்போது படுக்கையில் காலை நீட்டிப் படுத்துக்கொள்ளலாம் என்று. அது நடக்காது. ஓடும்போது எல்லோரும் இருக்கையில் உட்கார்ந்து பெல்ட் போடவேண்டும், சட்டம். வயசானவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கேரவன் என்றால் ஸ்லீப்பர் பஸ் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள்.

இப்படி ஒவ்வொரு நாளாக ஓட்டிப் பார்த்ததில் ஒன்று புரிந்தது. 2019-ல் நாங்கள் தனியாகப் போகவே இல்லை. ராத்திரி நாங்கள் சாப்பிட்டுப் படுத்தபிறகு மருமகன் போனை வைத்துக்கொண்டு மறுநாள் இடம் பிடிப்பான். மகள் மழை பார்த்து வழியை மாற்றுவாள். கேஸ் தீர்ந்தால் எங்கே மாற்றுவது, கூரை உரசியதற்கு எந்த நம்பருக்குப் பேசுவது, எல்லாம் அவர்கள் பாடு. சிறுசுகள் இரண்டும்தான் எங்கள் சப்போர்ட் லாரி. இந்தத் தடவை அவர்கள் வரவில்லை.

கூட்டத்தோடு போனால் என்ன கிடைக்கும்?

கேரவன் டூர் என்றதும் மச்சான் மனதில் இருந்த படம், இருபது வண்டி வாலைப் பிடித்துக்கொண்டு ஊர்வலம் போவது. அப்படி இல்லை. காலையில் அவரவர் சௌகரியத்துக்குக் கிளம்புகிறார்கள். எங்கே திரும்புவது, எங்கே டீசல், எந்தப் பாலத்தில் கவனம், எங்கே நின்று பார்க்கலாம் என்று ஒவ்வொரு நாளுக்கும் எழுதிய வழிப் புத்தகம் கையில் இருக்கும். பொழுதோட எல்லோரும் ஒரே முகாமில் சேர்கிறார்கள். மறுநாளைப் பற்றி வழிகாட்டி அரை மணி நேரம் பேசுவார். சில ராத்திரிகளில் எல்லோருக்கும் சேர்த்துச் சாப்பாடு. பழனிக்கு நடந்து போயிருக்கிறவர்களுக்கு இது புதிதல்ல. சமையல் சாமான் வேன் முன்னால் போய் இடம் பிடித்திருக்கும், நடப்பது அவரவர் கால்.

முக்கியமான வசதி முதல் இரண்டு நாளில் இருக்கிறது. நமக்கும் அவர்களுக்கும் கோடையில் ஏழரை மணி நேர வித்தியாசம். தனியாகப் போகிறவர்கள் விமானத்தில் இறங்கிய கண்ணோடு ஏழு மீட்டர் வண்டியை எடுத்துக்கொண்டு சாலைக்கு வந்துவிடுகிறார்கள். நாங்களும் அப்படித்தான் செய்தோம், தப்பித்தது தெய்வாதீனம். குழுவாகப் போனால் ஒன்றிரண்டு ராத்திரி விடுதியில் தூங்கவைத்து, கேசட்டிலிருந்து கேஸ் வரை சொல்லிக்கொடுத்து, அப்புறம்தான் சாவி தருகிறார்கள்.

குறைகளும் கொஞ்சமல்ல. தேதி மாறாது. மலைகளுக்கு நடுவே கடல் நுழையும் மில்ஃபோர்டு சவுண்டில் வருஷத்துக்கு 6000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. திருச்செங்கோட்டில் ஏழெட்டு வருஷம் பெய்வதைச் சேர்த்தாலும் எட்டாது. தனியாகப் போனால் அதற்கு முன்னால் வரும் டி அனா ஊரில் ஒரு நாள் கூடத் தங்கி மழை விட்டதும் போகலாம், கூட்டத்தோடு போனால் நனைந்துகொண்டுதான் படகேற வேண்டும். மழையில்தான் அங்கே அருவிகள் அழகு என்று சொல்கிறவர்களும் உண்டு, நான் வெயிலில் பார்த்தவன், ஒன்றும் குறையாகத் தெரியவில்லை.

வருகிறவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற அமெரிக்கர்கள், ஆஸ்திரேலியர்கள், பிரிட்டிஷார். நல்ல மனிதர்கள்தான். ஆனால் தினம் பொழுதோட நாற்காலியை வட்டமாகப் போட்டு, கையில் ஒயினோடு பேசுவது அவர்கள் வழக்கம். "மூணு வாரம் சிரிச்ச மொகமா இங்கிலீசு கேக்கோணுமா?" என்பது என் வீட்டுக்காரியின் கவலை. அது நியாயமான கவலை, விலைப்பட்டியலில் வராத செலவு. கூட்டுச் சாப்பாட்டில் ஆட்டுக்கறி வறுவல் பிரதானம். நாங்கள் கறி தின்கிறவர்கள், இருந்தாலும் நங்கைக்குத் திங்கள் சனி கிடையாது. சைவம் உண்டா என்று கேட்டால் எல்லோரும் உண்டு என்பார்கள். "நேற்றைக்கு என்ன சைவம் போட்டீர்கள்?" என்று கேளுங்கள், அப்போதுதான் உருளைக்கிழங்கும் கீரை சாலடும் மட்டும் என்று தெரியவரும்.

அதனால் எங்கள் குழுவில் அடுப்பு உள்ள வண்டி என்பதில் யாருக்கும் இரண்டாம் பேச்சில்லை. இரண்டு பர்னர், ஒரு சின்ன சிங்க். இதற்கென்றே பிறந்ததுபோல நம்மிடம் அரிசியும் பருப்பும் இருக்கிறது: ஒரே குக்கர், மூன்று விசில், கூட நெய்யும் தயிரும். 2019-ல் முதல் நாள் வீட்டுக்காரி சின்ன வெங்காயம், வரமிளகாய் தாளித்ததும் கூரையில் இருந்த புகை மணி அலறி, பக்கத்து வண்டிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். மறுநாளிலிருந்து தாளிப்பதற்கு முன் மேல் ஜன்னலைத் திறந்து விசிறியைப் போடும் பொறுப்பு என்னுடையது.

சாமான் கொண்டுபோவதில் ஒரு எச்சரிக்கை. அந்த நாட்டில் உணவுப் பொருள் எது இருந்தாலும் படிவத்தில் எழுதவேண்டும். எழுதாமல் மாட்டினால் அங்கேயே 400 டாலர். மகள் எல்லாவற்றையும் எழுதியிருந்தாள். அதிகாரி கொள்ளுப் பொடியைப் பிரித்து மோந்து பார்த்துவிட்டு விட்டார், கருவேப்பிலையை மட்டும் எடுத்துத் தொட்டியில் போட்டார். பச்சையாக எதுவும் வேண்டாம். அரிசி பருப்பை அங்கே இந்தியக் கடையில் வாங்குவது நிம்மதி.

நடுவழி ஒன்றும் இருக்கிறது. வழிகாட்டி வரமாட்டார், முகாம் இடம், படகு, வழிப் புத்தகம் எல்லாம் ஏற்பாடு செய்து கொடுத்து, போன் நம்பர் ஒன்று தருவார்கள். ஓட்டத் தெரிந்த சிறுசு ஒருவராவது கூட வந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்வேன். யாருமே ஓட்டப்போவதில்லை என்றால் கேரவனே வேண்டாம். இந்தியச் சமையல்காரரோடு போகும் பஸ் டூர் போதும். காலை ஆறு மணிக்குப் பெட்டியை வெளியே வைக்கச் சொல்வார்கள், அவ்வளவுதான் குறை.

விலையைப் பார்க்கும்போது

எங்களுக்கு வந்த இரண்டு விலைப்பட்டியல்களில் ஒன்று மற்றதில் பாதி. மச்சான் உடனே அதைப் பிடித்துக்கொண்டார். உட்கார்ந்து படித்தால், அதில் வண்டி வாடகையே சேரவில்லை, வழிகாட்டியும் முகாமும் மட்டும்தான். ஆகவே எதை ஒப்பிட்டாலும் ஒரு தாளில் வண்டி, காப்பீடு, முகாம், படகு, சாப்பாடு, டீசல் என்று எழுதி இரண்டுக்கும் எதிரே டிக் போட்டுவிட்டு அப்புறம் கூட்டுங்கள். டீசல் பெரும்பாலும் நம் தலையில்தான். பங்க்கில் விலை மலிவாகத் தெரியும், அதில் சாலை வரி சேராததே காரணம். டீசல் வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கில் சாலைக் கட்டணம் தனியாகக் கட்டவேண்டும், வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது அதைச் சேர்ப்பார்கள். விலை ஒரு வண்டிக்கு இரண்டு பேர் என்ற கணக்கில் வரும், மூன்றாமவருக்கு எவ்வளவு என்று கேளுங்கள். விசாக் கட்டணத்தோடு பயணிகள் வரியாக 100 டாலர் சேரும். 2024 அக்டோபருக்கு முன் அது 35 ஆக இருந்தது. இங்கே ஏஜென்டிடம் பேக்கேஜாகக் கட்டினால் டிசிஎஸ் என்ற வரியை முன்கூட்டியே பிடிப்பார்கள். அது போன பணமல்ல, வருமான வரிக் கணக்கில் திரும்பும், ஆனால் கிளம்பும் நேரத்தில் கையில் இருக்காது. 2023-லிருந்து அதன் விகிதத்தைச் சில தடவை மாற்றிவிட்டார்கள், ஆடிட்டரைக் கேட்டுவிட்டுப் பணம் அனுப்புங்கள்.

அங்கே விபத்தில் அடிபட்டால் வெளிநாட்டுப் பயணிக்கும் சிகிச்சையை அரசின் ஏசிசி திட்டம் பார்த்துக்கொள்ளும். சர்க்கரை, ரத்த அழுத்தம், நெஞ்சுவலி என்று போனால் அது வராது. அதற்கு இங்கிருந்தே காப்பீடு எடுக்கவேண்டும், இருக்கிற வியாதியை மறைக்காமல் சொல்லி எடுக்கவேண்டும்.

குழுவாகப் போவது கூடுதல் செலவு, அதில் சந்தேகமில்லை. அந்தக் கூடுதல் எதற்கு என்பதுதான் பேச்சு. வழி காட்டவா? வழியைப் போன் காட்டும். தென் தீவில் தொலைந்துபோகிற அளவுக்குச் சாலைகளும் இல்லை.

ஒருமுறை சத்தீஸ்கரில், ராய்ப்பூர் தாண்டி ஒரு காட்டுச் சாலையில் என் ரிக்கின் பின் ஆக்சில் உடைந்தது. முன்னால் போன என் தம்பிக்குத் தெரியவே இல்லை, அறுபது கிலோமீட்டர் போய்விட்டான். பின்னால் வந்த சப்போர்ட் லாரிதான் நிறுத்தி, கல் வைத்து, ஜாக்கி போட்டு, அன்றைக்குச் சோறும் ஆக்கிப் போட்டது. அன்றிலிருந்து புது ஏரியாவுக்கு வண்டி அனுப்பினால் நல்ல டிரைவரைப் பின் வண்டியில்தான் போடுவேன்.

ஆகவே டூர்க்காரர்களுக்கு எழுதியபோது நான் கேட்ட முதல் கேள்வி, கடைசியில் வருவது யார் என்பதுதான். ஏதாவது ஒரு வண்டி வழியில் நின்றால் யார் நிற்பார்கள்? நிற்கிற ஆளுக்கு வண்டி வேலை தெரியுமா, அல்லது போன் பேச மட்டும்தானா? மற்ற கேள்விகள் அதற்கு அப்புறம்: எத்தனை வண்டி, வழிகாட்டி இந்தச் சாலையில் எத்தனை தடவை போயிருக்கிறார், ஆள் சேராவிட்டால் எந்தத் தேதிக்குள் சொல்வீர்கள், முன்பணம் திரும்புமா. இருபது வண்டி என்றால் காலையில் டம்ப் ஸ்டேஷனில் எட்டாவது ஆளாக நிற்கவேண்டும், அதையும் மனதில் வையுங்கள்.

இன்னொன்றை வீட்டுக்காரி கண்டுபிடித்தாள். நாள்வாரித் திட்டத்தை எடுத்துச் சிவப்புப் பேனாவால், ஒரே ஒரு ராத்திரி தங்கும் ஊர்களை வட்டமிட்டாள். ஒரு கம்பெனியின் 18 ராத்திரியில் 13 ஊர். தினம் ஒயரைப் பிடுங்கி, தண்ணீர்க் குழாயைச் சுருட்டி, பாத்திரத்தை அடுக்கிக் கிளம்புவது மட்டுமே வேலையாகிவிடும். இன்னொன்றில் 18 ராத்திரிக்கு 9 ஊர், டெகாபோவிலும் டி அனாவிலும் இரண்டிரண்டு ராத்திரி. டெகாபோ, மவுண்ட் குக் வட்டாரத்து வானத்தில் விளக்கு வெளிச்சம் படாமல் 2012 முதல் காப்பாற்றி வருகிறார்கள், நட்சத்திரம் பார்க்கவே போகிறார்கள். மாசியில் சிவராத்திரி வருகிறதே, அன்றைக்கு அங்கே இருந்தால் கண்விழிக்கச் சிரமமே இருக்காது என்று நங்கை சொன்னார். தேதியை அவருக்காக யாரும் மாற்றப்போவதில்லை, சொல்லிப் பார்த்தோம்.

வண்டி எத்தனை என்பதில் மட்டும் குடும்பச் சண்டை வந்தது. ஆறு பேர் படுக்கும் வண்டி ஒன்றே போதும், மலிவு என்றார் மச்சான். ஆறு பேருக்கு ஒரு கேசட். அதற்குமேல் நான் எதுவும் சொல்லவேண்டியிருக்கவில்லை. நான்கு பேர் வண்டி ஒன்று, இரண்டு பேர் வண்டி ஒன்று என்று முடிந்தது. பெரிய வண்டியில் ஏறி இறங்கப் படி வசதி என்பதால் அண்ணனும் நங்கையும் எங்களோடு.

என் முதல் கேள்விக்கு ஒரு கம்பெனி, எங்களிடம் 24 மணி நேர உதவி எண் இருக்கிறது என்று பதில் போட்டது. 13 ஊரில் தங்கவைக்கும் கம்பெனியும் அதுதான். இன்னொன்றிலிருந்து நான்கு வரி வந்தது. மொத்தம் பத்து வண்டி. கடைசி வண்டியில் ஒரு கணவன் மனைவி. அவர் ஓய்வுபெற்ற டீசல் மெக்கானிக். முகாமில் எல்லா வண்டியும் கிளம்பியபின், யாராவது ஒயரையோ படியையோ விட்டுவிட்டுப் போயிருக்கிறார்களா என்று ஒரு சுற்று பார்த்துவிட்டுத்தான் அவர்கள் கிளம்புவார்களாம்.

அவர்களுக்கே முன்பணம் அனுப்பிவிட்டோம். மச்சான் இப்போது தன் ஸ்பேனர் பெட்டியை லக்கேஜில் போடலாமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்த மெக்கானிக்குக்குக் காட்டவேண்டுமாம். அந்த எடைக்குக் குக்கர் வைக்கவேண்டும் என்கிறாள் என் வீட்டுக்காரி.